அமெரிக்காவில் வீடு மாறும் முன் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டை எப்படிப் பார்ப்பது?

மழைக்குருவி கேட்டது:

குழந்தைகள் உள்ள குடும்பம் அமெரிக்காவில் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் குடிபோகும்போது பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எப்படிப் பார்ப்பது என்று யாரும் சொல்வதில்லை. கூகுளில் தட்டினால் பத்துத் தளங்கள் வருகின்றன, பாதி பணம் கேட்கின்றன. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்:

எது உண்மையான அரசுத் தளம்? வரைபடத்தில் நம் தெருவில் புள்ளியே இல்லையென்றால் கவலையில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? நடன ஆசிரியர், டியூஷன் மாஸ்டர், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வருபவர் இவர்கள் பெயரைப் போட்டுத் தேடலாமா? நம்மவர் பெயர்களை ஆளுக்கொரு மாதிரி எழுதுகிறார்களே, அதற்கு என்ன வழி? இரண்டு வீடு தள்ளி ஒருவர் இருப்பதாகப் பதிவேடு காட்டினால் அடுத்து என்ன செய்வது?

தெற்குவாசல்:

தளத்திலிருந்து ஆரம்பிப்போம். நாடு முழுவதற்கும் ஒரே ஒரு அரசுத் தளம்தான்: ட்ரூ ஷோடின் தேசியப் பாலியல் குற்றவாளிகள் பொதுத் தளம். சுருக்கமாக என்எஸ்ஓபிடபிள்யூ, கடைசியில் டாட் கவ். நீதித்துறை நடத்துகிறது, இலவசம், கணக்குத் தொடங்கத் தேவையில்லை. மாநிலத் தளங்கள் எல்லாம் டாட் கவ் என்றே முடிவதில்லை. அதனால் முகவரியின் வாலைப் பார்த்து முடிவு செய்யாமல், தேசியத் தளத்திலிருக்கும் இணைப்பைப் பிடித்து மாநிலத் தளத்துக்குப் போங்கள். பணம் கேட்கிற தனியார் தளங்கள் எப்போதோ எடுத்த நகலை வைத்து ஓட்டுபவை. பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவர் அதில் இன்னும் இருப்பார், போன மாதம் குடிவந்தவர் இருக்கமாட்டார்.

தேசியத் தளத்துக்கென்று சொந்தத் தரவு கிடையாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நீங்கள் பெயரைத் தட்டியதும் 50 மாநிலங்கள், வாஷிங்டன் டிசி, ப்யூர்ட்டோ ரிக்கோ போன்ற 5 ஆட்சிப்பகுதிகள், பல பழங்குடி நிர்வாகங்கள் ஆகியவற்றின் பதிவேடுகளை அந்த நேரத்தில் கேட்டு, வந்த பதிலை ஒரே பக்கத்தில் அடுக்கிக் காட்டுகிறது. ஏதாவது ஒரு மாநிலத்தின் சர்வர் படுத்திருந்தால் அங்கிருந்து எதுவும் வராது. முடிவுப் பக்கத்தில் எந்த மாநிலம் பதில் தரவில்லை என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் படிக்காமல் "ஒன்றும் இல்லை" என்று மூடிவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. மறுநாள் திரும்பத் தேடுங்கள், அல்லது அந்த மாநிலத் தளத்துக்கே நேராகப் போங்கள்.

ஆளைத் தேடுவதற்குத் தேசியத் தளம். இடத்தைத் தேடுவதற்கு மாநிலத் தளம். இப்படிப் பிரித்துக்கொண்டால் குழப்பம் பாதி குறையும். இடம் தேடும்போது வீட்டு முகவரியை மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள். பள்ளி, பள்ளிப் பேருந்து நிற்கும் இடம், பள்ளிவிட்டபின் போகும் வகுப்பு, அடிக்கடி தங்கும் உறவினர் வீடு எல்லாவற்றையும் தனித்தனியாகப் போடுங்கள். அரை மைல், 1 மைல் சுற்றளவு போதும். 5 மைல் போட்டால் பெரிய நகரத்தில் நூற்றுக்கணக்கில் வரும், ஒன்றையும் படிக்கமாட்டீர்கள்.

முடிந்ததும் மின்னஞ்சல் அலர்ட் போட்டுவிடுங்கள். பல மாநிலத் தளங்களிலும் கவுண்டி ஷெரிஃப் தளங்களிலும் இந்த வசதி உண்டு. கொடுத்த முகவரிக்கு அருகே யாராவது புதிதாகப் பதிந்தால் தகவல் வரும். ஃப்ளோரிடாவில் குறிப்பிட்ட ஒரு ஆள் முகவரி மாற்றினால் சொல் என்றும் கேட்டுவைக்கலாம். வீடு வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: இதையெல்லாம் கையெழுத்துக்கு முன், வீட்டுப் பரிசோதனைக்குக் கொடுக்கும் அவகாசத்துக்குள் முடியுங்கள். ஏஜென்ட் சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம். கலிஃபோர்னியாவில் விற்பனை, வாடகை ஒப்பந்தங்களிலேயே 'மேகன் சட்டத் தளத்தைப் (அந்த மாநிலப் பதிவேட்டுத் தளத்தின் பெயர் அது) பார்த்துக்கொள்ளவும்' என்று ஒரு பத்தி அச்சாகியிருக்கும். பார்க்கும் பொறுப்பு உங்களுடையது என்பதுதான் அதன் பொருள்.

நூலேணி:

தெற்குவாசல் தேடும் முறையைச் சொல்லிவிட்டார். புள்ளி இல்லையென்றால் கவலையில்லையா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்: இல்லை, அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது.

பதிவேட்டில் இருப்பவர் வேறு, பொதுமக்கள் பார்க்கும் தளத்தில் இருப்பவர் வேறு. யாரைக் காட்டுவது என்பதை மாநிலம்தான் தீர்மானிக்கிறது. நியூயார்க்கில் திரும்பக் குற்றம் செய்யும் ஆபத்தை மதிப்பிட்டு 1 முதல் 3 வரை லெவல் போடுவார்கள், அதில் லெவல் 2, லெவல் 3 மட்டுமே இணையத்தில் தெரியும். லெவல் 1 தெரியாது. அதற்கு 1-800-262-3257 என்ற மாநில எண்ணை அழைக்க வேண்டும். வெறும் பெயர் போதாது, கூடவே முகவரியோ பிறந்த தேதியோ ஓட்டுநர் உரிம எண்ணோ வேண்டும். மாசசூசெட்ஸில் லெவல் 1 பொதுமக்களுக்குக் கிடையவே கிடையாது. லெவல் 2-லும் 2013 ஜூலை 12-க்குப் பின் வகைப்படுத்தப்பட்டவர்கள்தான் இணையத்தில் வருவார்கள். அதற்கு முந்தையவர்களை உள்ளூர்க் காவல் நிலையத்தில் கேட்டுத்தான் அறிய வேண்டும். நியூஜெர்சியில் முதல் அடுக்கு, அதாவது ஆபத்து குறைந்தவர்கள், வராது. மினசோட்டாவில் லெவல் 3 ஆட்களும், பதிவு விதியை மீறித் தலைமறைவானவர்களும் மட்டும்தான். கலிஃபோர்னியாவில் சிலருக்கு முழு முகவரி, சிலருக்கு ஊரும் ஜிப்கோடும், சிலர் தளத்திலேயே இல்லை. ஜிப்கோடு மட்டும் உள்ளவருக்கு வரைபடத்தில் வீட்டுப் புள்ளி எப்படி விழும்? ஆகவே அங்கே வரைபடத்தோடு நிற்காமல் ஜிப்கோடு பட்டியலையும் திறக்க வேண்டும்.

டெக்ஸஸ், ஃப்ளோரிடா நேர்மாறு. அங்கே ஏறக்குறைய எல்லாரையும் காட்டுவார்கள். ஃப்ளோரிடாப் பட்டியலில் சிறையில் இருப்பவர், வேறு மாநிலம் போய்விட்டவர் எல்லாம் கூட இருப்பார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் "நியூயார்க்கில் இத்தனை பேர்தான், ஃப்ளோரிடாவில் இவ்வளவு பேர், அதனால் நியூயார்க் பத்திரம்" என்று ஒப்பிட்டுப் பேசுபவர்களை என்ன சொல்வது!

2006-ல் வந்த ஆடம் வால்ஷ் சட்டம் நாட்டுக்கு ஒரே அளவுகோல் கொண்டுவரப் பார்த்தது. குற்றத்தை மூன்று அடுக்காகப் பிரித்தது: முதல் அடுக்கு என்றால் 15 ஆண்டு பதிவில் இருக்க வேண்டும், ஆண்டுக்கு ஒரு முறை நேரில் வந்து சரிபார்ப்பு. இரண்டாவது 25 ஆண்டு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை. மூன்றாவது ஆயுள் முழுதும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை. முகவரி, வேலை மாறினால் 3 வேலை நாட்களுக்குள் நேரில் சொல்ல வேண்டும். ஆனால் பாதிக்கும் குறைவான மாநிலங்களே அதைப் போதிய அளவு நிறைவேற்றியதாக மத்திய அரசு ஏற்றுக்கொண்டிருக்கிறது. மற்றவை தங்கள் பழைய முறையிலேயே போகின்றன. எனவே ஒரு மாநிலத்தின் 'லெவல் 2' இன்னொரு மாநிலத்தின் 'இரண்டாம் அடுக்கு' அல்ல. ஒன்று ஆளை மதிப்பிட்டு அவர் திரும்பச் செய்வாரா என்று போடும் எண். மற்றது எந்தச் சட்டப்பிரிவில் தண்டனை பெற்றார் என்பதை மட்டும் வைத்துப் போடும் எண்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. தண்டனை பெற்றவர் மட்டுமே பதிவேட்டில் வருவார். புகார் கொடுக்கப்படாத குற்றம் வராது. கைதாகி வழக்கு தள்ளுபடியானால் வராது. பேரம் பேசி வேறு பிரிவில், உதாரணமாகக் குழந்தையை ஆபத்துக்கு உட்படுத்தியது என்ற பிரிவில், குற்றத்தை ஒப்புக்கொண்டால் பல இடங்களில் பதிவே தேவைப்படாது. நீதிப் புள்ளிவிவரப் பிரிவு 2000-ல் வெளியிட்ட அறிக்கையில், காவல்துறைக்குத் தெரியவந்த வழக்குகளில் 18 வயதுக்குட்பட்டவர்களைத் தாக்கியவர்களில் சுமார் 34 சதவீதம் குடும்பத்தினர், 59 சதவீதம் தெரிந்தவர்கள், 7 சதவீதம்தான் முன்பின் தெரியாதவர்கள். தெருமுனை வீட்டின் புள்ளியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த 7-ஐத்தான் பார்க்கிறோம். நான் பதிவேடு வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டுக்குள் வந்துபோகிறவர்களின் பெயரைத் தேடுவதற்குத்தான் அது முதலில் பயன்பட வேண்டும் என்கிறேன்.

மழைக்குருவி:

இருவருக்கும் நன்றி. அப்படியானால் பெயர் தேடுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக யாராவது சொல்லுங்கள். எழுத்துக்கூட்டல் சிக்கல்தான் பெரிதாக இருக்கிறது.

கரிசல்மண்:

நம் பெயர்களில் மூன்று இடத்தில் தேடல் வழுக்கும்.

ஒன்று, முன்பெயர் பின்பெயர். அமெரிக்க ஆவணங்களில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும், சிலருக்குச் சொந்தப் பெயரே குடும்பப் பெயர்க் கட்டத்தில் போயிருக்கும். அதனால் இரண்டையும் மாற்றிப் போட்டு இன்னொரு முறை தேட வேண்டும். இரண்டு, ஆங்கில எழுத்து. 'த' ஓசைக்கு ஒருவர் எச் சேர்ப்பார், இன்னொருவர் சேர்க்கமாட்டார். 'ழ'வுக்கு இசட் எச், எல் என இரண்டு வழக்கம். 'ஈ', 'ஊ' நெடில்களுக்கு இரட்டை ஈ, இரட்டை ஓ போடுபவர்களும் உண்டு, ஒற்றை ஐ, யு போடுபவர்களும் உண்டு. பல மாநிலத் தளங்கள் பெயரின் ஒரு பகுதியை மட்டும் கொடுத்தாலும் ஏற்கும். சந்தேகமில்லாத முதல் மூன்று நான்கு எழுத்தோடு நிறுத்தி, வரும் பட்டியலில் படத்தையும் வயதையும் பாருங்கள். மூன்று, வேறு பெயர்கள். திருமணத்துக்கு முந்தைய பெயர், சுருக்கிய அமெரிக்கப் பெயர் எல்லாம் பதிவில் 'ஏலியஸ்' என்ற இடத்தில் இருக்கும். எல்லாத் தளமும் அதையும் சேர்த்துத் தேடுவதில்லை.

சரியான வழி, ஆளிடமே கேட்பது: "ஓட்டுநர் உரிமத்தில் உள்ளபடி உங்கள் முழுப்பெயர், இதற்கு முன் எந்தெந்த மாநிலத்தில் இருந்தீர்கள்?" வேலைக்கு வருகிறவரிடம் இதைக் கேட்பதில் அநாகரிகம் எதுவும் இல்லை. கிடைத்த பெயரைத் தேசியத் தளத்தில் ஒரு முறை, அவர் இருந்த மாநிலத் தளங்களில் தனித்தனியாக ஒரு முறை.

பெயர் பொருந்திவிட்டால் உடனே பதறாதீர்கள். படம், பிறந்த ஆண்டு, உயரம், இந்த மூன்றும் ஒத்துப்போகாமல் அது அவர்தான் என்று முடிவுகட்டக் கூடாது. பெயர் ஒற்றுமையால் சம்பந்தமே இல்லாத ஒருவரின் பிழைப்பு கெட்டுவிடும். ஆள் அவரேதான் என்றால் அடுத்து பதிவைப் படியுங்கள். குற்றத்தின் பெயர் வழவழவென்று இருக்கும். பக்கத்தில் உள்ள சட்டப்பிரிவு எண்ணை எடுத்து அந்த மாநிலச் சட்டத்தில் பாருங்கள், அது எதைப் பற்றியது என்று அங்கேதான் தெரியும். பாதிக்கப்பட்டவரின் வயது வரம்பைச் சில மாநிலங்கள் போடுகின்றன. தண்டனைத் தேதியையும் கடைசியாகச் சரிபார்த்த தேதியையும் பாருங்கள். 'நான்-கம்ப்ளையன்ட்' (பதிவு விதியைப் பின்பற்றாதவர்) அல்லது 'அப்ஸ்காண்டட்' (தலைமறைவானவர்) என்று இருந்தால் அவர் அந்த முகவரியில் இல்லாமல் இருக்கலாம். அந்த வீட்டில் இப்போது குடியிருப்பது வேறொரு குடும்பமாகவும் இருக்கலாம்.

நூலேணி:

கரிசல்மண் சொன்னதோடு ஒன்று. டியூஷன், நடனம், குழந்தை பராமரிப்பு என்றால் பதிவேடு ஒரு கால்வாசி வேலைதான்.

உரிமம் பெற்ற குழந்தைகள் காப்பகம் என்றால் 2014-ன் மத்தியச் சட்டப்படி ஊழியர்களுக்குக் கைரேகையோடு எஃப்பிஐ சரிபார்ப்பு, தேசியப் பதிவேடு, மாநிலப் பதிவேடு, குழந்தைத் துன்புறுத்தல் பதிவேடு, கடந்த 5 ஆண்டில் இருந்த ஒவ்வொரு மாநிலத்திலும் இதே சோதனை எல்லாம் உண்டு. 5 ஆண்டுக்கு ஒரு முறையாவது திரும்பச் செய்ய வேண்டும். குழந்தைத் துன்புறுத்தல் பதிவேடு பொதுமக்கள் கையில் இல்லாதது என்பதால் இது முக்கியம். ஆனால் வீட்டுக் கராஜில் வகுப்பு எடுப்பவர், வார இறுதித் தமிழ்ப் பள்ளித் தன்னார்வலர், மணிக்கணக்கில் வரும் பேபிசிட்டர் இவர்களெல்லாம் பெரும்பாலும் அந்த வலைக்கு வெளியே. கலிஃபோர்னியாவில் இதற்கென்றே 'டிரஸ்ட்லைன்' என்ற, பின்னணிச் சோதனையில் தேறிய குழந்தைப் பராமரிப்பாளர்களின் பட்டியல் இருக்கிறது, பேபிசிட்டர் அதில் சேர்ந்தவரா என்று கேட்கலாம். மற்ற இடங்களில் பள்ளியையோ சங்கத்தையோ நேராகக் கேளுங்கள்: தன்னார்வலர்களுக்குக் கைரேகைச் சோதனை உண்டா, எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை, ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் மூடிய அறையில் தனியே இருக்கலாமா? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில் மீதியெல்லாம் தெரிந்துவிடும்.

விளையாட்டுப் பயிற்சியாளர் என்றால், விளையாட்டில் நடக்கும் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் யு.எஸ். சென்டர் ஃபார் சேஃப்ஸ்போர்ட் வைத்திருக்கும் ஒழுங்கு நடவடிக்கைப் பட்டியலையும் தேடுங்கள். நீதிமன்றத் தண்டனை இல்லாமலே தடை செய்யப்பட்டவர்கள் அதில் இருப்பார்கள், பதிவேட்டில் இருக்கமாட்டார்கள். பள்ளி ஆசிரியர் என்றால் மாநிலத்தின் ஆசிரியர் உரிமத் தேடல் பக்கம். உரிமம் பறிக்கப்பட்டிருந்தால் அங்கே தெரியும்.

புறவழிச்சாலை:

இவ்வளவு நுணுக்கமெல்லாம் எதற்கு? பள்ளிக்குப் பக்கத்தில் வீடு எடுத்தால் போதும். பள்ளியைச் சுற்றி இவர்கள் குடியிருக்கவே கூடாது என்று சட்டம் இருக்கிறது. மீறி ஒருவர் இருந்தால் படத்தை அச்சடித்துத் தெரு முழுக்க ஒட்ட வேண்டியதுதான்.

தெற்குவாசல்:

இரண்டுமே தவறு, புறவழிச்சாலை.

மத்தியச் சட்டத்தில் குடியிருப்புத் தடை எதுவும் இல்லை. சில மாநிலங்கள், சில ஊர்கள் வைத்திருக்கின்றன, அதுவும் சிலவகைக் குற்றங்களுக்கு மட்டும். ஃப்ளோரிடாவில் 16 வயதுக்குட்பட்டவரிடம் குற்றம் செய்த சிலருக்கு 1,000 அடி. கலிஃபோர்னியாவில் வாக்காளர்கள் கொண்டுவந்த 2,000 அடித் தடையை சான் டியேகோவில் பரோலில் இருப்பவர்கள் எல்லாருக்கும் மொத்தமாகப் போட்டது செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2015-ல் தீர்ப்பளித்தது. எனவே பள்ளி அருகில் என்பதை வைத்து எதையும் நம்பி வீடு எடுக்க வேண்டாம்.

சுவரொட்டி விஷயம் இன்னும் மோசம். தகவலைத் தெரிந்துகொள்வதும், கூடப் பிள்ளை வளர்க்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு அரசுத் தளத்தின் இணைப்பை அனுப்புவதும் சரி. மிரட்டுவது, வேலையிடத்தில் போய் நிற்பது, சொத்தைச் சேதப்படுத்துவது எல்லாம் குற்றம். கலிஃபோர்னியாவில் தளத் தகவலை வைத்துச் சிறு குற்றம் செய்தாலே 10,000 முதல் 50,000 டாலர் வரை அபராதம். பெருங்குற்றம் என்றால் மேற்கொண்டு 5 ஆண்டுச் சிறை. 2006-ல் மெய்ன் மாநிலப் பதிவேட்டில் முகவரி பார்த்துப் போய் இருவரைச் சுட்டுக் கொன்றான் ஒருவன். கொல்லப்பட்டவர்களில் ஒருவர் செய்த குற்றம், தன் 19-ம் வயதில் 16 நிரம்பச் சில நாட்களே இருந்த காதலியோடு உறவு கொண்டது. சட்டப்பிரிவைப் படியுங்கள் என்று கரிசல்மண் சொன்னதை மறுபடி ஒரு முறை படித்துப் பாருங்கள்.

மழைக்குருவி, இரண்டு வீடு தள்ளி ஒருவர் இருந்தால்: பதிவை முழுதாகப் படியுங்கள். அவர் மேற்பார்வையில் இருக்கிறாரா என்று சில மாநிலங்கள் காட்டும். சந்தேகம் இருந்தால் உள்ளூர்க் காவல் நிலையத்தில் பதிவேட்டுப் பிரிவைக் கேளுங்கள், பொறுமையாகப் பதில் சொல்வார்கள். அவர் வேறு முகவரியில் வசிப்பதாகவோ, குழந்தைகளோடு வேலை செய்வதாகவோ உறுதியாகத் தெரிந்தால் அதே பிரிவுக்குத் தெரிவிக்கலாம். மாநிலத் தளத்திலேயே தகவல் தரும் இணைப்பு இருக்கும். இணையத்தில் குழந்தையைத் தொடர்புகொண்டால் என்சிஎம்இசி-யின் (காணாமல் போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான தேசிய மையம்) சைபர்டிப்லைன் என்ற புகார் சேவை, தொலைபேசி 1-800-843-5678. அந்த நிமிடத்தில் ஆபத்து என்றால் 911.

கரிசல்மண்:

குழந்தையிடம் சொல்வது பற்றி யாரும் பேசவில்லை. படத்தைக் காட்டி "இவன் கெட்டவன்" என்று சொல்வதில் ஒரு கோளாறு: மற்ற எல்லாரும் நல்லவர்கள் என்று குழந்தை எடுத்துக்கொள்ளும். ஆளைக் குறிப்பிடாமல் விதியாகச் சொல்லுங்கள். நம்மிடம் கேட்காமல் யார் வீட்டுக்குள்ளும் போகக் கூடாது, யார் காரிலும் ஏறக் கூடாது, மாமா சித்தப்பா என்று கூப்பிடுகிறவரானாலும் சரி. உடம்பைத் தொடுவது, படம் எடுப்பது சம்பந்தமான ரகசியம் எதுவும் அப்பா அம்மாவிடம் மறைக்கிற ரகசியம் ஆகாது. அழைத்துப்போக வேறு யாராவது வந்தால் வீட்டில் பேசிவைத்த சொல்லைக் கேட்க வேண்டும். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும், அந்தத் தெருவில் ஒரு வீட்டைத் தவிர்க்கச் சொல்லி, ஏன் என்றும் ஒரு வரியில் சொல்லலாம். இல்லாவிட்டால் அவர்களே தேடிப் பார்த்துப் பள்ளி முழுக்கப் பரப்பிவிடுவார்கள்.

மழைக்குருவி:

தேடிப் பார்த்தேன். ஒரு பதிவில் முகவரிக்குப் பதில் 'ட்ரான்சியன்ட்' என்று மட்டும் இருக்கிறது. இன்னொரு முகவரியில் ஒரே கட்டடத்தில் பதினொரு பேர். இவை என்ன?

தெற்குவாசல்:

முதலாவது, நிலையான வீடில்லாதவர். வீடில்லாதவரும் பதிந்தே ஆக வேண்டும். கலிஃபோர்னியாவில் 30 நாளுக்கு ஒரு முறை வந்து புதுப்பிக்க வேண்டும். வரைபடத்தில் அவருக்குப் புள்ளி இருக்காது, அல்லது ஊர் நடுவிலோ காவல் நிலையத்திலோ பொதுவாக ஒரு புள்ளி வைத்திருப்பார்கள். முகவரித் தேடலில் சிக்கமாட்டார், ஊர் பெயரைப் போட்டுப் பட்டியலாகத் திறந்தால்தான் தெரிவார்.

இரண்டாவதில் கட்டடத்தின் பெயரைப் பாருங்கள். பெரும்பாலும் சிறை, மறுவாழ்வு இல்லம் அல்லது பரோலில் வருபவர்கள் தங்கும் விடுதியாக இருக்கும். சிறை என்றால் அவர்கள் உள்ளே இருக்கிறார்கள். விடுதி என்றால் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், இன்றைய பதினொரு பேரை மனப்பாடம் செய்து பயனில்லை. அந்த முகவரிக்கு அலர்ட் போட்டால் வாரத்துக்கு நான்கு மின்னஞ்சல் வந்து எரிச்சலூட்டும். சுற்றளவைக் கால் மைலுக்குக் குறைத்து, வீட்டுக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் மட்டும் வையுங்கள்.